பெட்டியை அணைக்கும் முறை

8 ஜனவரி

அன்புள்ள அண்ணாவுக்கு,

நான் நலம். நீயும் அண்ணியும் சுகம்தானே? உன் முழங்கால் வலி எப்படி இருக்கிறது? லிஃப்ட் ரிப்பேர் செய்கிறவனுக்கு மாடிப்படி ஏறி முழங்கால் தேய்ந்தது என்றால் கேட்கிறவர்கள் சிரிப்பார்கள்.

நீ செய்து அனுப்பிய வீடியோ விளையாட்டுப் பெட்டி வந்து சேர்ந்தது. பிரித்துப் பார்த்ததும் கடையிலேயே ஒரு கூச்சல் போட்டுவிட்டேன். நாம் சின்ன வயதில் அடித்துக்கொண்டு விளையாடிய பெட்டியின் அதே ஓடு! மூலையில் நீ பல்லால் கடித்த தடம்கூட அப்படியே இருக்கிறது. உள்ளே மட்டும் உள்ளங்கை அகலத்தில் ஒரு கம்ப்யூட்டர். அந்தச் சுரங்க ரயில் விளையாட்டை நாற்பத்திரண்டு வயதில் திரும்ப ஆடுகிறேன். மூக்குக் கண்ணாடிக் கடையிலிருந்து நான் வீடு திரும்பிய பிறகு அவர் கிடங்கிலிருந்து வரும்வரை எனக்கென்று கொஞ்ச நேரம் கிடைக்கும். அதில்தான் ரயில் ஓட்டுகிறேன்.

ஆனால் ஒரு சிக்கல். நேற்று பெட்டியைப் போட்டால் கறுப்புத் திரையில் வெள்ளை எழுத்து வரிவரியாக வந்து அப்படியே நின்றுவிட்டது. காரணம் எனக்குத் தெரிகிற மாதிரிதான் இருக்கிறது. அவர் வீட்டுக்குள் நுழைந்ததும் முதலில் சுவரில் இருக்கிற சுவிட்சுகளை அணைப்பார். டிவி, பெட்டி, நான் இருக்கிற அறையின் விளக்கு எல்லாம். "யாருக்காக இதெல்லாம் எரியுது?" என்பார். யாருக்காக என்று நான் சொல்வதில்லை. அணைக்காமல் வைக்க ஏதாவது வழி உண்டா?

போனில் கேட்டிருக்கலாமே என்பாய். நான் போன் எடுத்தால் ஸ்பீக்கரில் போடச் சொல்வார். "நம்ம வீட்ல என்ன ரகசியம்?" என்பார். அதனால் பதிலைக் கடை முகவரிக்கே எழுது. கடை அக்கா பத்திரமாகக் கொடுப்பார்கள்.

இன்னொன்று. உங்கள் வீட்டு மாடி அறை காலியாகத்தானே இருக்கிறது? கொஞ்ச நாள் வந்து இருக்கலாமா என்று பார்க்கிறேன். அண்ணியைக் கேட்டு எழுது.

அண்ணிக்கு என் அன்பு.

உன் தங்கை,
சுண்டு


21 ஜனவரி

அன்புத் தங்கை சுண்டுவுக்கு,

இங்கே எல்லோரும் நலம். முழங்கால் அதன் போக்கில் வலிக்கிறது, நான் என் போக்கில் நடக்கிறேன். உன் உடம்பைப் பார்த்துக்கொள்.

பெட்டி படுத்துவிட்டது என்றதும் எனக்குக் கோபம் வந்தது, அப்புறம் சிரிப்பு வந்தது. சாமி வரம் கொடுத்தாலும் பூசாரி கொடுக்க மாட்டார் என்பது இதுதான். விஷயம் இதுதான், கவனமாகப் படி. பெட்டிக்குள் ஒரு மெமரி கார்டு இருக்கிறது. நீ ஆடும்போதும், ஆடாமல் சும்மா வைத்திருக்கும்போதும், பெட்டி அதில் எதையாவது எழுதிக்கொண்டே இருக்கும். எழுதுகிற கையைத் தட்டிவிட்டால் என்ன ஆகும்? கிறுக்கலாகிவிடும். சுவரில் பட்டென்று அணைத்தால் கார்டுக்கு அந்தக் கதிதான். அதனால் மெனுவுக்குப் போய், 'நிறுத்து' என்று கொடுத்து, பச்சை விளக்கு அணைந்த பிறகுதான் சுவர் சுவிட்சைத் தொட வேண்டும். புது கார்டு இதோடு வைத்திருக்கிறேன். தலைகீழாகச் சொருகாதே!

மாப்பிள்ளை சிக்கனக்காரர். அதில் தப்பு சொல்ல முடியாது. கிடங்கு முழுக்கக் குளிர்பதனப் பெட்டிகளோடு மாரடிக்கிறவருக்கு வீட்டில் ஒரு விளக்கு எரிந்தாலும் மீட்டர் ஓடுவது காதில் கேட்கும்போல.

இனிமேல் கடிதத்தை என் லிஃப்ட் கம்பெனி டிப்போ முகவரிக்குப் போடு. வீட்டுத் தபால் பெட்டியில் மழைத் தண்ணீர் இறங்குகிறது.

அண்ணி உன்னை விசாரித்தாள்.

அன்புடன்,
அண்ணன்


10 பிப்ரவரி

அன்புள்ள அண்ணாவுக்கு,

நலம். உன் நலமும் அண்ணியின் நலமும் அறிய ஆவல்.

கார்டு நன்றாக வேலை செய்தது, ஒரு வாரம். நீ சொன்ன மெனு முறை எனக்குச் சரிப்படவில்லை. யானை வரும் பின்னே, மணியோசை வரும் முன்னே என்பார்கள். இவருக்குச் சாவிக்கொத்து. அது படிக்கட்டில் கேட்டதும் ஆட்டத்தை நிறுத்தி, வெளியே வந்து, மெனுவைத் தேடி, கீழே போய், 'நிறுத்து' கொடுத்து, 'நிஜமாகவா' என்று அது திரும்பக் கேட்டு, 'ஆமாம்' என்று சொல்வதற்குள் கதவு திறந்துவிடுகிறது. அவசரத்தில் வேறு எதையோ அழுத்திவிடுகிறேன். ஒரே ஒரு பொத்தான் இருந்தால் தேவலை. அழுத்தினால் அதுவே எழுதி முடித்து அதுவே அணைய வேண்டும். விளக்கும் வெளியே தெரியக் கூடாது.

இப்போதெல்லாம் இன்னும் கொஞ்சம் கூடுதலாக அணைக்கிறார். நான் சமையலறையில் இருந்தால் சமையலறை, குளித்துக்கொண்டிருந்தால் குளியலறை. "இருட்டுல என்ன, சோறு மூக்குக்கா போகப்போகுது?" என்று சிரிப்பார். நானும் சிரித்துவிடுவேன். இருட்டில் பாத்திரம் தேய்க்க நன்றாகப் பழகிவிட்டது. கடையில் இதைச் சொன்னேன். அக்கா சிரிக்கவில்லை.

மாடி அறையைப் பற்றி நீ எழுதவில்லை. பெட்டி ஞாபகத்தில் மறந்திருப்பாய். மாத முதலில் வரட்டுமா? நான் வேலைக்குப் போகிறவள், யாருக்கும் பாரமாக இருக்க மாட்டேன். அங்கேயும் கண்ணாடிக் கடை இல்லாமலா இருக்கும்?

உன் தங்கை,
சுண்டு


26 பிப்ரவரி

அன்புத் தங்கைக்கு,

உன் கடிதம் கிடைத்தது. அனைவரும் சுகம். இரண்டு நாள் சளிக் காய்ச்சல், இப்போது தேவலை.

பொத்தான் கேட்டாயே, பிடி! இது என் தொழில் சம்பந்தப்பட்டது என்பதால் கொஞ்சம் நீட்டி முழக்குகிறேன், பொறுத்துக்கொள். லிஃப்ட் ஓடிக்கொண்டிருக்கும்போது கரண்ட் போனால் என்ன நடக்க வேண்டும்? ஒரு நல்ல லிஃப்ட் இரண்டு மாடிக்கு நடுவில் தொங்காது. பக்கத்து மாடி வரைக்கும் மெதுவாகப் போய், கதவைத் திறந்து, உள்ளே இருப்பவர்களை இறக்கிவிட்டுத்தான் நிற்கும். உன் பெட்டிக்கும் அந்தப் புத்தியைத்தான் சொல்லிக் கொடுத்திருக்கிறேன். பொத்தான் கரண்டை வெட்டாது. 'போதும், மூட்டை கட்டு' என்று பெட்டியிடம் சொல்லும், அவ்வளவுதான். பெட்டி கார்டில் எழுத வேண்டியதை எழுதி முடித்துத் தானே தூங்கிவிடும். அந்தக் கட்டளையைப் புது கார்டில் ஏற்றி அனுப்பியிருக்கிறேன்.

பொத்தானில் இரண்டு ஒயர் இருக்கும். பெட்டிக்குள் ஓரமாகக் கம்பிகள் ஊசி ஊசியாக நிற்கும். அதில் இரண்டு ஊசிக்குச் சிவப்பு நகப்பூச்சு வைத்த படம் அனுப்பியிருக்கிறேன். அந்த இரண்டில் மட்டும் பற்றவை. நீயே செய்யாதே, டிவி ரிப்பேர்காரரிடம் கொடு. பக்கத்து ஊசியில் ஈயம் ஒழுகினால் போச்சு! விளக்கின் மேல் ஒரு துண்டுக் கறுப்பு டேப் ஒட்டிவிடு.

மாடி அறையில் கொஞ்சம் சாமான் கிடக்கிறது. பார்க்கலாம்.

நாலு பாத்திரம் இருக்கிற இடத்தில் சத்தம் வரத்தான் செய்யும், சுண்டு. எங்கள் வீட்டில் வரவில்லையா?

அன்புடன்,
அண்ணன்


19 மார்ச்

அன்புள்ள அண்ணாவுக்கு,

உன் சளி குறைந்ததா? கஷாயம் வைத்துக் குடி. நான் நலம்.

எழுத்து கோணலாக இருக்கிறதே என்று பார்க்காதே. வலது கை கொஞ்சம் வீங்கியிருக்கிறது. கதவிடுக்கில் மாட்டிக்கொண்டது.

பொத்தானை நானே பற்றவைத்தேன். டிவி ரிப்பேர்காரர் எதற்கு? கடையில் கண்ணாடி ஃபிரேமின் உடைந்த காலை ஒட்டுகிற சின்னப் பற்றவைப்புக் கோல் இருக்கிறது. தலைமுடி கனத்துக்கு ஈயம் வைக்கிற கை இது. கடை அக்கா பூதக்கண்ணாடியைப் பிடித்துக்கொண்டார்கள். முதல் தடவையே வேலை செய்தது. அழுத்தினேன், பெட்டி இரண்டு பெருமூச்சு விட்டு அடங்கியது. அன்றைக்கு அவர் உள்ளே வந்து சுவிட்சை அணைத்தபோது பெட்டி ஏற்கெனவே தூங்கிவிட்டிருந்தது. நான் உட்கார்ந்து காய் நறுக்கிக்கொண்டிருந்தேன். என் வாழ்க்கையில் அவரை நான் ஜெயித்த ஒரே நாள் அதுதான் என்று நினைக்கிறேன்.

அந்தச் சந்தோஷம் அதிக நாள் இல்லை. டிவியின் பின்பக்கத்தைத் தொட்டுப் பார்த்தால் சூடு தெரியுமே! தொட்டுப் பார்த்தார். மறுநாளிலிருந்து கதவைத் திறப்பதற்கு முன்பே, வெளியே மீட்டர் பெட்டியில் இருக்கிற மெயின் சுவிட்சை இறக்கிவிடுகிறார். சாவிக்கொத்துச் சத்தமும் இப்போது இல்லை, கைக்குள் பொத்திப் பிடித்துக்கொண்டு வருகிறார். மொத்த வீடும் ஒரே அடியில் இருட்டாகும். அதற்குப் பிறகுதான் கதவு திறக்கும். "என்ன பண்ணிட்டிருந்தே?" என்று இருட்டில் கேட்பார். நான் எங்கே இருக்கிறேன் என்று எனக்கே தெரியாது, அவருக்குத் தெரியும்.

உன் பொத்தானை அழுத்த நேரமே இல்லை. கார்டு மறுபடி போய்விட்டது. அது போகட்டும்.

சாமான் கிடந்தால் ஒரு ஓரமாக ஒதுக்கிவிட்டுப் படுத்துக்கொள்வேன் அண்ணா. நீ கூப்பிட வரக்கூட வேண்டாம். சரி என்று ஒரு வார்த்தை எழுது, நானே பஸ் ஏறி வந்துவிடுவேன்.

உன் தங்கை,
சுண்டு


30 ஏப்ரல்

அன்புள்ள அண்ணாவுக்கு,

நலம். மார்ச் மாதம் எழுதிய கடிதம் கிடைத்ததா? டிப்போ முகவரிக்குத்தான் போட்டேன். தினமும் தபால்காரர் கடை வாசலைத் தாண்டிப் போகும்போது அக்கா என்னைப் பார்க்கிறார்கள், நான் கண்ணாடி துடைக்கிறேன்.

உடம்பு சரியில்லையா? அண்ணிக்கு ஏதாவதா? ஒரு வரி எழுது.

சுண்டு


24 மே

அன்புத் தங்கை சுண்டுவுக்கு,

எல்லோரும் நலம், நீ பயப்படாதே. பதில் தாமதமானதற்குக் காரணம் இருக்கிறது. பார்சலைப் பிரித்தால் தெரியும்.

மெயினையே இறக்கிவிடுகிறார் என்று நீ எழுதியதைப் படித்ததும் எனக்குள் இருந்த லிஃப்ட்காரன் எழுந்து உட்கார்ந்துவிட்டான். இத்தனை ஞாயிற்றுக்கிழமையும் இதே வேலைதான். பழைய போன் பேட்டரி ஒன்றை எடுத்து, பெட்டிக்குள் அடங்குகிற மாதிரி ஒரு சின்னப் பலகையில் கட்டினேன். வீட்டில் கரண்ட் இருக்கும்போது அது சார்ஜ் ஏறிக்கொண்டிருக்கும். கரண்ட் போனால், அதிலிருந்து ஒரு ஒயர் பெட்டிக்குச் சேதி சொல்லும். அந்த நொடியிலிருந்து பேட்டரி பெட்டியைத் தாங்கிக்கொள்ளும். யாரும் எதையும் அழுத்த வேண்டாம். பெட்டியே எழுத வேண்டியதை எழுதி, பத்திரமாக அணைந்து, கடைசியில் பேட்டரியையும் துண்டித்துக்கொள்ளும். நாற்பது தடவை பிளக்கைப் பிடுங்கிப் பார்த்தேன், கார்டுக்கு ஒரு கீறல் இல்லை. இதைவிடப் பாதுகாப்பான சுவிட்ச் கடையில் கிடைக்காது. என் கையாலேயே எல்லாம் பற்றவைத்து, நாலே நாலு ஸ்குரூ முடுக்கினால் போதும் என்ற அளவில் அனுப்புகிறேன்.

கதவு சாத்தும்போது கையைப் பார்த்துக்கொள்.

நீ வருவதைப் பற்றி. உன்னை நான் வேண்டாம் என்று சொல்வேனா? ஆனால் எதற்கும் முறை என்று ஒன்று இருக்கிறது. கல்யாணமான தங்கையை வீட்டில் வைத்துக்கொள்வதென்றால் மாப்பிள்ளையை ஒரு வார்த்தை கேட்டுவிட்டுச் செய்வதுதான் மரியாதை. நாளைக்கு யாரும் நம்மைக் குறை சொல்லக் கூடாது பார். அதனால் போன ஞாயிறு நானே அவருக்குப் போன் போட்டேன். தங்கமாகப் பேசினார். "சுண்டு கொஞ்ச நாள் இங்க வந்து இருக்கணும்னு கடுதாசில கேட்டுட்டே இருக்கா மாப்பிள்ளை, நீங்களே ஒரு நாள் கூட்டிட்டு வாங்க" என்றேன். "கடுதாசியா?" என்றார். கடை முகவரிக்கு எழுதிக்கொள்வோம் என்று சொன்னேன். "அப்படியா, நல்லது மச்சான், கூட்டிட்டு வரேன்" என்று சிரித்தார். "இனிமே நீங்க மெயினை இறக்கினாலும் பெட்டிக்கு ஒண்ணும் ஆகாது" என்று நானும் வேடிக்கையாகச் சொன்னேன். அதற்கும் சிரித்தார். நீ நினைக்கிற அளவுக்கு அவர் கடினமான ஆள் இல்லை. கொஞ்சம் அனுசரித்துப் போ, எல்லாம் சரியாகும்.

இரண்டு பேருமாக வாருங்கள்.

அன்புடன்,
அண்ணன்


6 ஜூன்

அன்புமிக்க மைத்துனர் அவர்களுக்கு,

வணக்கம். இங்கு நாங்கள் இருவரும் நலம். தங்கள் குடும்பத்தின் நலம் நாடுகிறேன்.

தாங்கள் கடை முகவரிக்கு அனுப்பிய பார்சலை நானே நேரில் சென்று வாங்கி வந்தேன். வேலைப்பாடு மிக நேர்த்தி. தங்கள் பொறுமையைப் பாராட்டாமல் இருக்க முடியவில்லை. ஆயினும், கரண்ட் போன பிறகும் ஒரு பொருள் வீட்டில் ஓடிக்கொண்டிருப்பது எனக்கு உசிதமாகப் படவில்லை. பெட்டி, பேட்டரி இரண்டையும் பத்திரமாக எடுத்து வைத்திருக்கிறேன்.

தங்கள் தங்கை சென்ற வாரத்திலிருந்து கடைக்குப் போவதில்லை. கையில் அடிபட்டிருப்பதால் நுணுக்கமான வேலை ஆகாது என்று நான்தான் நிறுத்தினேன். எனவே இனி கடைக்கு எழுத வேண்டாம். வீட்டு முகவரிக்கே எழுதுங்கள். நாங்கள் இருவருமே படித்து மகிழ்வோம். அவளும் தங்களை விசாரித்ததாக எழுதச் சொன்னாள்.

முறையாக என்னிடம் கேட்டதற்கு நன்றி. இந்தக் காலத்தில் அதை யார் செய்கிறார்கள்?

தங்கள் அன்புள்ள,
மாப்பிள்ளை


17 ஜூன்

அன்புத் தங்கைக்கும் மாப்பிள்ளை அவர்களுக்கும்,

நலம். நலமறிய ஆவல். மாப்பிள்ளையின் கடிதம் கிடைத்தது, மிக்க மகிழ்ச்சி.

சுண்டு, கையில் அடி என்று மாப்பிள்ளை எழுதியிருந்தார். டாக்டரிடம் காட்டினாயா? ஓய்வு எடு. வேலை எங்கே போய்விடப் போகிறது? மாப்பிள்ளை சொல்வதைக் கேட்டு நடந்துகொள்.

இங்கே வெயில் குறைந்திருக்கிறது. வேலை அதிகம். முழங்கால் பரவாயில்லை. வேறு விசேஷம் இல்லை.

அண்ணி விசாரித்தாள்.

அன்புடன்,
அண்ணன்


3 நவம்பர்

அன்புத் தங்கை சுண்டுவுக்கு,

நீ எங்கே இருக்கிறாய் என்று தெரியாமல், கடை அக்கா கையில் சேர்ந்தால் உனக்கும் சேரும் என்ற நம்பிக்கையில் எழுதுகிறேன். எங்கே இருந்தாலும் நல்ல சுகத்தோடு இரு.

போன வெள்ளிக்கிழமை மாப்பிள்ளை இங்கே வீட்டுக்கு வந்தார். நீ வீட்டைவிட்டுப் போய் ஒரு மாதம் ஆகிறது என்று அவர் சொல்லித்தான் எனக்குத் தெரியும். ஆள் பாதியாகிவிட்டார் சுண்டு. என் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டு, "எங்க இருக்கான்னு மட்டும் சொல்லுங்க மச்சான். நல்லா இருக்கான்னு தெரிஞ்சா போதும், நான் போய் நிக்கக்கூட மாட்டேன்" என்று கண் கலங்கினார். எனக்குத் தெரியாது என்றேன். தெரியாததால்தான் அப்படிச் சொன்னேன்.

அண்ணி அவருக்குக் காபி கொடுத்தாள். அவர் போனதும் அவர் குடித்த டம்ளரை எடுத்துக் குப்பையில் போட்டாள். ஸ்டீல் டம்ளர்! என்னடி இது என்றேன். அதற்குப் பிறகு உன் கடிதங்களை எங்கே வைத்திருக்கிறேன் என்று கேட்டாள். டிப்போவில் என் அலமாரியில் என்று சொல்ல வேண்டியதாயிற்று. மறுநாள் என்னோடு டிப்போவுக்கு வந்து, அலமாரி முன்னால் நின்றுகொண்டே எல்லாவற்றையும் படித்தாள். "என்கிட்ட ஒரு வார்த்தை கேட்டிருந்தா நான் வேண்டாம்னா சொல்லியிருப்பேன்? அந்த ரூம்ல என்ன சாமான் கிடக்கு? ஒரு உடைஞ்ச ஃபேன்!" என்றாள். அன்றிலிருந்து என்னோடு பேசவில்லை. சாப்பாட்டை வைத்துவிட்டு நகர்ந்துவிடுகிறாள்.

நான் என்ன செய்திருக்க வேண்டும் என்று நீயே சொல். பெட்டி கேட்டாய், செய்தேன். பொத்தான் கேட்டாய், செய்தேன். பேட்டரி நீ கேட்காமலே செய்தேன். மாப்பிள்ளையிடம் நான் கெட்ட எண்ணத்தில் ஒன்றும் சொல்லவில்லை. நீ வந்து, அவர் பின்னாலேயே வந்து, தெருவே வேடிக்கை பார்க்க ஒரு சண்டை ஆகிவிடுமோ என்ற பயம் எனக்கு இருந்தது. அதை உனக்கு எழுதக் கை வரவில்லை. பயந்தாங்கொள்ளி என்று சொல், கேட்டுக்கொள்கிறேன்.

மாடி அறைக்கு வெள்ளை அடித்துவிட்டேன். ஜன்னலுக்குத் திரை போட்டிருக்கிறது. உன் முகவரியை மட்டும் எழுது, மறுநாளே நான் வந்து கூட்டிக்கொண்டு வருகிறேன். மாப்பிள்ளை வந்து கேட்டால் என்ன சொல்வது என்பதையும் யோசித்து எழுது.

அன்புடன்,
அண்ணன்


12 டிசம்பர்

அண்ணனுக்கு,

நான் சுகமாக இருக்கிறேன். நீங்களும் அண்ணியும் சுகமாக இருக்க வேண்டும். முழங்காலுக்கு வைத்தியம் பாருங்கள்.

உங்கள் கடிதம் கடைக்கு வந்து, அங்கிருந்து என்னிடம் வந்தது. அக்காதான் எனக்கு இந்த இடத்தைப் பார்த்துக் கொடுத்தார்கள். வேலைக்குப் போகிற பெண்கள் நாலு பேர் ஒரு வீட்டில் இருக்கிறோம். நான் தூங்கிய பிறகும் யாராவது ஒருத்தி விளக்கைப் போட்டுக்கொண்டு துணி தேய்ப்பாள். மற்றவர்கள் முணுமுணுப்பார்கள், எனக்கு அந்த வெளிச்சத்தில்தான் தூக்கம் வருகிறது.

'நான் என்ன செய்திருக்க வேண்டும்' என்று கேட்டிருந்தீர்கள். தெரிந்துகொள்ள வேண்டும் என்பதால் எழுதுகிறேன். நீங்கள் போன் செய்த அந்த ஞாயிற்றுக்கிழமை அவர் போனை வைத்துவிட்டுச் சிரித்துக்கொண்டேதான் எழுந்து போனார். மெயினை இறக்கினார். பட்டப்பகலில் எதற்கு என்று நினைத்தேன். பிறகு ஜன்னல்களைச் சாத்தினார். "உங்கண்ணன் ரொம்ப முறை தெரிஞ்ச மனுஷன்" என்றார். பழைய வீக்கம் வடியாத அதே கைதான். இரண்டு விரல் இப்போது மடங்காது. ஃபிரேம் ஒட்டுகிற வேலை இனி எனக்கு இல்லை. வேறொரு கடையில் பில் போடுகிறேன். வந்தவர்களைச் சிரித்த முகத்தோடு வரவேற்க வேண்டும், அது பழகியதுதான்.

ஜூன் மாதம் வந்த உங்கள் கடிதத்தை அவர் எனக்குச் சத்தமாகப் படித்துக் காட்டினார். "மாப்பிள்ளை சொல்வதைக் கேட்டு நடந்துகொள்" என்ற வரியை இரண்டு தடவை படித்தார். இனி யாரும் வர மாட்டார்கள் என்று அன்றைக்குத்தான் எனக்கு உறுதியாகத் தெரிந்தது. அதற்குப் பிறகு நான் யாருக்காகவும் காத்திருக்கவில்லை. கிடங்கில் கணக்கெடுப்பு என்று அவர் காலையிலேயே போன ஒரு நாளில், கட்டிய புடவையோடு கதவைத் திறந்து வெளியே வந்தேன். அவ்வளவு சுலபமான காரியத்துக்கு அரை வருஷம் உங்கள் அனுமதிக்குக் காத்திருந்தேன் என்று நினைத்தால் எனக்கு என் மேல்தான் கோபம் வருகிறது. உங்கள் மேலும்தான். இல்லை என்று பொய் எழுத மாட்டேன்.

பெட்டியை எடுத்து வரவில்லை. பேட்டரி போட்ட பிறகு அது எப்படி ஓடியது என்று நான் பார்த்ததே இல்லை. நன்றாகத்தான் செய்திருப்பீர்கள்.

அண்ணியிடம், அவர்களைப் பற்றி நான் மனதுக்குள் நினைத்ததற்கெல்லாம் மன்னிப்புக் கேட்டேன் என்று சொல்லுங்கள். அவர்கள்தான் வேண்டாம் என்கிறார்கள் என்று இத்தனை நாள் நினைத்துக்கொண்டிருந்தேன். என்றாவது ஒரு நாள் அவர்களை மட்டும் பார்க்க வருவேன். காலையில் வந்து சாயங்காலம் திரும்பிவிடுவேன்.

இனி எழுதினால் அக்காவின் கடைக்கே எழுதுங்கள். பிரித்துப் படித்துவிட்டுத்தான் எனக்குத் தர வேண்டும் என்று அக்காவிடம் சொல்லியிருக்கிறேன். என் முகவரியை நான் எழுத மாட்டேன். அக்காவிடமும் கேட்காதீர்கள். நீங்கள் கெட்டவர் இல்லை என்று எனக்குத் தெரியும். யாராவது மரியாதையாகக் கேட்டால் சொல்லிவிடுவீர்கள்.

தங்கை